நாலு கண் வைத்த செம்புத் தகடு

என் கணவர் பர்மா எல்லையிலிருந்து திரும்பி வந்தபோது இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பட்டாளத்தில் சாமான் லாரிகளுக்கு அதிகாரியாக இருந்தவர். அவர் போன லாரி கண்ணிவெடியில் ஏறிவிட்டது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் கிடந்துவிட்டு, மரக்காலோடு சென்ட்ரலில் வந்து இறங்கினார். எங்கள் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அப்பாவை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து மரக்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை தட்டினாள்.

நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்தோம். சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அவருக்கு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஊர் முழுக்கச் சுற்றி ஆட்களைப் பார்க்கிற வேலை. டிராமில் ஏறி இறங்குவது அவருக்குப் பெரும்பாடு. ஒருமுறை படியிலிருந்து சறுக்கி நடுத்தெருவில் விழுந்தார். தூக்கிவிட்டவர்கள் பரிதாபப்பட்டதுதான் விழுந்ததைவிட அதிகமாக வலித்தது என்று சொன்னார்.

அந்தச் சமயத்தில், அவரோடு பட்டாளத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. கப்பலில் கொண்டுபோக வழியில்லாமல் இவருக்குச் சல்லிசாகக் கொடுத்துவிட்டார். இரண்டே சீட்டு, நீண்ட மூக்கு, மேலே மடக்கி விரிக்கிற கித்தான் கூரை. அந்த அதிகாரிக்கு வேகப் பைத்தியம். இஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் ஒன்று இருந்த இடத்தில் இரண்டு வைத்திருந்தார். இஞ்சினிலிருந்து புகை வெளியே போகிற பழைய குழாயைக் கழற்றிவிட்டு, நாலு தனிக் குழாய்களை ஒரே இரும்புப் பட்டையில் பற்றவைத்து மாட்டியிருந்தார். அதனால் வண்டிக்கு இழுவை அதிகம், சத்தமும் அதிகம். லஸ் முனையில் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும். காபிக்குப் பால் வைப்பேன்.

இடது கால் இல்லாமல் கிளட்சை எப்படி மிதிப்பது? அதற்கு என் கணவரே ஒரு வழி யோசித்தார். கியர் கம்பியை ஒட்டி இன்னொரு கைப்பிடி. அதை அழுத்தினால், கீழே போகிற ஒரு கம்பி கிளட்சை இழுக்கும். மாம்பலத்தில் கொட்டகை போட்டிருந்த ஒரு மெக்கானிக் அதைச் செய்து கொடுத்தார். கம்பி போய்வர, காலடிப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை போட வேண்டியிருந்தது. அதை நாங்கள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவருக்கு இரண்டு காலும் இருந்தது. எனக்கு அது போதும்.

மூன்று நான்கு மாதம் கழித்துத் தலைவலி ஆரம்பித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு படுப்பார். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டும். கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டார், சொன்னாலும் சம்பந்தமில்லாமல் சொல்வார். மகள் பக்கத்தில் போனால் எரிந்து விழுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்தே போய்வருவோம். அன்று மட்டும் நன்றாக இருப்பார்.

மயிலாப்பூரில் எங்களுக்குப் பழக்கமான டாக்டரிடம் காட்டினேன். நல்ல மனிதர். முக்கால் மணி நேரம் பார்த்தார். இவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"உடம்புல ஒரு கோளாறும் இல்லேம்மா. பட்டாளத்துல பட்டதெல்லாம் மனசுல தங்கிண்டு இருக்கும். இஞ்சின் சத்தம் கேட்டா அது முழிச்சுக்கறது. கொஞ்ச நாள் வண்டியைத் தொடாம இருக்கச் சொல்லுங்கோ."

தொடாமல் இருந்தால் வேலை போய்விடும். டாக்டர் கொடுத்த டானிக்கைக் குடித்துக்கொண்டு ஓட்டினார். "அவர் சொல்றது சரிதான். எனக்குள்ள என்னமோ ஒடஞ்சு கெடக்கு" என்று ஒருநாள் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார். சாமானில் ஒன்று உடைந்துபோனதைச் சொல்கிற மாதிரி. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சுதந்திரம் வந்த வருஷத்து மழைக்காலம். பரங்கிமலை மாதா கோவில் திருவிழாவுக்குப் போனோம். மகளுக்கு நாலு வயது முடிந்திருந்தது. அவளை என் மடியில் வைத்துக்கொண்டேன். போகும்போது வெயில். கூரையை மடக்கிவிட்டு, காற்றைக் குடித்துக்கொண்டு போனோம். திரும்பும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. கூரையை விரித்து, பக்கத் திரைகளையும் பொத்தான் போட்டு மூடினோம். உள்ளே கதகதப்பாக இருந்தது. கிண்டி தாண்டியதுமே மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்கும் நெற்றிப் பொட்டு விண்விண் என்று தெறித்தது. திருவிழாக் கூட்டத்தில் நின்ற அலுப்பு என்று நினைத்தேன்.

அடையாறு பாலத்துக்கு முன்னால் அவர் வண்டியை ஓரம் கட்டினார்.

"ரோடு ரெண்டு ரெண்டா தெரியுது" என்றார்.

இறங்கலாம் என்று மகளை எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. உலுக்கினேன். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. முகம் மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது, ஓடி விளையாடிவிட்டு வந்த பிள்ளை மாதிரி. திரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

பாலத்தோரம் மீன்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு அம்மாள் நனையாமல் நின்றிருந்தாள். கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு? புள்ள மூஞ்சி இப்டி செவந்து கீது! இப்டிக் குடு. காத்து வோணும் புள்ளைக்கு, காத்து!"

என் கையிலிருந்து பிடுங்கி, மழையிலேயே பாலத்து நடுவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடற்காற்று நேராக அடிக்கிற இடம். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். "ஏய் கண்ணு, முயிச்சிக்க. அம்மா அயுவுது பாரு. முயிச்சிக்க." எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. குழந்தை வாந்தி எடுத்தது. பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைப் போல இனிமையான ஒன்றை நான் கேட்டதில்லை.

என் கணவர் மரக்காலோடு சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. மறுநாள் போய்த் தேடினோம், அடுத்த வாரமும் தேடினோம். கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் நடந்ததே திரும்பத் திரும்ப வந்தது. அவருக்குத் தலைவலி, எனக்குத் தலைவலி, குழந்தைக்கு மயக்கம். ஒரே வண்டி, ஒரே நேரம். போகும்போது ஒன்றுமில்லை, கூரையை மூடிக்கொண்டு வரும்போதுதான் எல்லாம். அவருடைய தலைவலியும் மழைக்காலத்தில்தான் முற்றியிருந்தது. அவர் பட்டாளத்துக்குப் போனார், சரி. நான் போகவில்லை. குழந்தை எந்தப் போருக்கும் போகவில்லையே!

மணி அடித்ததும் பஸ் பிடித்து மாம்பலம் போனேன்.

மெக்கானிக்கின் கொட்டகை பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாலு தெரு தள்ளி. நாற்பது வயதுக்காரர். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பார். நான் சொன்னதை மட்டும் அப்படித் தள்ளவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"புகை உள்ளார வர்தா இன்னா? வண்டிய இட்டுனு வாங்க டீச்சரம்மா, ஒடனே பாக்கணும்."

மறுநாள் கூரையை மடக்கிவிட்டு என் கணவரே மெள்ள ஓட்டி வந்தார். மெக்கானிக் இஞ்சின் மூடியைத் திறந்து, சூடு ஆறும் வரை காத்திருந்தார். புகை எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்திப் பக்கத்தில் காட்டினால் சுடர் ஆடுமே என்று யோசனை சொன்னேன்.

"இன்னா டீச்சரம்மா, பெட்ரோலாண்ட மெழுகுவத்தியா! கொட்டாயோட போய்ச் சேந்துடுவோம்!"

ஷேவிங் பிரஷ்ஷை எடுத்தார். சோப்பு நுரையைக் குழைத்து, குழாய்ப் பட்டை இஞ்சினோடு சேருகிற இடம் முழுக்கப் பூசினார். இஞ்சின் ஆறியிருந்தது. ஓடவிட்ட மறுகணமே, இரண்டாவது குழாய்க்கும் மூன்றாவது குழாய்க்கும் நடுவில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கித் தெறித்தது. அதற்கு நேர் பின்னால்தான் கிளட்சுக் கம்பிக்காகப் போட்ட ஓட்டை.

இரும்பும் இரும்பும் சேருகிற அந்த இடத்தில் நடுவே ஒரு மெல்லிய தகடு வைப்பார்கள். கேஸ்கட் என்று பெயர். மெக்கானிக் அதைப் பேக்கிங்கு என்பார். கழற்றிப் பார்த்தபோது நடுப்பகுதி கருகி உதிர்ந்து போயிருந்தது. அந்த வழியாகப் புகை கசிந்து, ஓட்டை வழியாக நுழைந்து, கூரை மூடிய வண்டிக்குள் தங்கியிருக்கிறது. அதில் இருக்கிற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

என் கணவர் அந்தக் கருகிய துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அப்போ எனக்குப் பைத்தியம் இல்லையா?" என்றார்.

"இல்லைங்க."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் இருண்டது. "அந்த ஓட்டையப் போடச் சொன்னவன் நான்தானே" என்று எழுந்துவிட்டார். வீட்டுக்கு ரிக்‌ஷாவில் வந்தோம். வண்டியை விற்றுவிடு, இனி அதைத் தொடமாட்டேன் என்றார்.

"வித்தா, வாங்கறவங்க வீட்லயும் குழந்தை இருக்காதா?" என்று கேட்டேன். "சரி பண்ணிட்டு அப்புறம் விக்கலாம்."

கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார். வண்டி வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். தகடு ஒன்றை மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஒன்றரை மாதம் ஓடிவிட்டது.

முதலில் ஓட்டையை அடைத்தோம். மந்தைவெளியில் செருப்புத் தைப்பவர் கம்பியைச் சுற்றி ஒரு தோல் உறை தைத்துக் கொடுத்தார். கம்பி அசையும், காற்று நுழையாது. தகட்டுக்கு, ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் அட்டைதான் நெருப்புத் தாங்கும் என்று மெக்கானிக் அடித்துச் சொன்னார். அட்டையைப் பட்டைமேல் வைத்து, ஓரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டியே வடிவம் எடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. அந்த அட்டையின் தூசியே நெஞ்சுக்குக் கேடு என்று இப்போது சொல்கிறார்கள். அன்றைக்கு யாருக்குத் தெரியும்! தினமும் சாயங்காலம் மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஆறவைப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோப்பு நுரை பூசிப் பார்ப்பது என் வேலை. பதினோராவது நாள் நுரை பொங்கியது.

அடுத்து, மவுண்ட் ரோடு பக்கம் பட்டாளத்தில் கழித்த சாமான் விற்கிற ஒரு கடையில், இரண்டு பக்கமும் செம்பு போர்த்திய தகடு ஒன்று கிடைத்தது. பளபளப்பைப் பார்த்து நானே ஏமாந்தேன். அது ஏதோ லாரிக்குச் செய்தது. அதன் கண்கள், அதாவது புகை போக வெட்டிய ஓட்டைகள், எங்கள் இஞ்சினின் துவாரங்களைவிடச் சின்னவை. விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டிருந்ததால் நெருப்பு நேராக அதன்மேல் பட்டது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பிறகு அந்த வண்டிக் கம்பெனியின் ஏஜெண்டு ஆபீஸுக்கே போனேன். கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"சீமையிலேருந்து வரவழைக்கலாம்மா, நாலு மாசம் ஆகும். ஆனா உங்க வண்டியில குழாயையே மாத்தியிருக்காங்க. எங்க கேஸ்கட் பொருந்தாது. வீணா வாங்காதீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எத வச்சாலும் போகுதுன்னா தகட்டு மேல குத்தம் இல்லாமகூட இருக்கலாம். அந்தப் பட்டை இஞ்சினோட ஒட்டுற முகம் நேரா இருக்கான்னு யாராவது பாத்தாங்களா?" என்றார்.

யாரும் பார்க்கவில்லை. என் கைப்பையில் பள்ளிக்கூடத்து இரும்பு ஸ்கேல் இருந்தது. நேராகக் கொட்டகைக்குப் போய், பட்டையின் முகத்தில் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். இரண்டு ஓரமும் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அந்தச் சந்தில் ஒரு போஸ்ட் கார்டு நுழைந்தது. நாலு குழாயையும் ஒரே பட்டையில் பற்றவைத்த சூட்டில் பட்டை வளைந்துபோயிருக்கிறது. அதன்மேல் எந்தத் தகட்டை வைத்தாலும் நடுவில்தான் கருகும்.

மெக்கானிக் ஸ்கேலை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"நான் இத பாத்திருக்கணும். எத்தினி வாட்டி கயட்டி மாட்னேன்! பாக்கவே இல்ல பாரு" என்றார். அதோடு ஒரு நாள் முழுக்க அவர் 'பாத்துக்கலாம்' என்று சொல்லவில்லை.

இதை வீட்டில் சொன்னேன். போஸ்ட் கார்டைக் காட்டி, "இவ்வளவுதாங்க சந்து" என்றேன். அவர் கார்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவரே சட்டை மாட்டிக்கொண்டு ரிக்‌ஷா கூப்பிட்டார்.

சாயங்காலம் நான் போனபோது இரண்டு பேரும் எதிரெதிராக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கண்ணாடிப் பலகையில் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துப் பூசி, அதன்மேல் பட்டையைத் தேய்ப்பார்கள். மேடாக இருக்கிற இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும். அதை அரத்தால் ராவிவிட்டு மறுபடி தேய்ப்பார்கள். அரம் என் கணவர் கையில் இருந்தது. கைகளில் முழங்கை வரைக்கும் சிவப்பு.

"இன்னும் ரெண்டு நாள் ஆகும்" என்றார் என்னைப் பார்த்து. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது, செய்யவேண்டிய வேலை பாக்கியிருக்கிற மனிதரின் அவசரம்.

மூன்றாம் நாள் முகம் முழுக்க ஒரே மாதிரி சிவப்பு ஒட்டியது. இப்போது தகடு. அட்டை வேண்டாம், போர்த்தியதும் வேண்டாம், வெறும் செம்பே போதும் என்று மூவரும் பேசி முடிவெடுத்தோம். முகம் இரண்டும் நேராகிவிட்டால் செம்பு நன்றாக உட்காரும், கருகி உதிராது. விளக்குக் கரியை இஞ்சின் முகத்தில் பூசிக் காகிதத்தை அழுத்தி அச்சு எடுத்தேன். ஒவ்வொரு கண்ணையும் துவாரத்தைவிட ஒரு நூல் பெரிதாக வரைந்தேன். மயிலாப்பூரில் கோவிலுக்குப் பின்னால் பாத்திரம் அடிக்கிற ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். வெட்டிய தகட்டைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். எடுத்தபோது விரலால் வளைக்கிற அளவுக்கு இளகியிருந்தது.

"பூட்டும்போது நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போவணும். கொஞ்சம் கொஞ்சமா" என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் போல்ட்டுகளை முடுக்கினார். வண்டி சூடாகி ஆறியபின் மறுபடி முடுக்கினார். குழாயின் கனம் தகட்டின்மேல் தொங்காமலிருக்க, கீழே ஒரு இரும்புப் பட்டையால் தாங்கல் கொடுத்தார். அன்றைக்கு நுரை அப்படியே நின்றது. பத்து நாள் நின்றது. இருபதாம் நாளும் நின்றது.

ஆனாலும் என் கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. கூரையை மூடி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். தனியாகப் போகிறேன் என்றார். நான் விடவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

மழைக்காலம் போய் நல்ல வெயில். கூரையை விரித்து, பக்கத் திரை எல்லாம் பொத்தான் போட்டு, மந்தைவெளியிலிருந்து புறப்பட்டோம். அடையாறு பாலம், திருவான்மியூர், அதற்கப்பால் மணல் தடம் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும். உள்ளே வெந்துபோனோம். வேர்வை கழுத்தில் வழிந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி நின்றே பார்த்தார், இந்த வெயிலில் எதற்கு இப்படி மூடிக்கொண்டு போகிறார்கள் என்று.

"தலை எப்படி இருக்கு?" என்று அவர் கேட்பார். "நல்லா இருக்கு. உங்களுக்கு?" என்பேன். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை இதே பேச்சு. அவர் மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க நான் கணக்குக் கேட்டேன்.

"பதினேழு எட்டு?"

"நூத்தி முப்பத்தாறு. பதினேழு பதினேழு?"

"இருநூத்தி எண்பத்தொன்பது. டீச்சர்கிட்டயேவா!"

சிரித்தார். திருவான்மியூரில் திரும்பியபோது, நான் கேட்காமலே அந்த லாரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவர் என்ன பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான், வெடித்தபோது சத்தமே கேட்காமல் வெளிச்சம் மட்டும் தெரிந்தது, அந்த டிரைவர் பிழைக்கவில்லை என்பது, எல்லாவற்றையும். மூன்று வருஷமாகச் சொல்லாததை ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு பேருக்கும் தலைவலி இல்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் வாசலுக்கு வந்து, வேட்டியை மடித்துக்கொண்டு குனிந்து, தோல் உறையைத் தொட்டுப் பார்த்தார். "நேக்கு இது தோணவே இல்லையேம்மா. தினம் கார்ல வராரான்னு கேட்டேன், எப்படிப்பட்ட கார்னு கேக்கலை" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் கணவர்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வண்டியை விற்கிற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. வேலைக்குத் திரும்பினார். சாயங்காலம் வந்ததும் பசிக்கிறது என்பார், மகளைத் தோளில் தூக்கிக்கொள்வார்.

எல்லாத் தலைவலியும் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். வருஷத்துக்கு மூன்று நான்கு நாள் வரும், காரணமே இல்லாமல், சில சமயம் ஞாயிற்றுக்கிழமையில்கூட. முதல் தடவை அப்படி வந்தபோது நான் பதறிப்போய்ச் சோப்பையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வண்டியிடம் ஓடினேன். ஜன்னலிலிருந்து அவர் கூப்பிட்டார்.

"அதை விடு. இன்னைக்கு வண்டி இல்ல, நான்தான். கொஞ்ச நேரம் வந்து உக்காரு."

போய் உட்கார்ந்தேன்.